‘எஞ்சாயி எஞ்சாமி’ யாருடைய பாட்டு? தெருக்குரல் அறிவின் பயணமும் தீராத சர்ச்சையும்

சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் பெரியபாளையம் ரோடு வந்து சேரும் புதுவாயல் கூட்டுச்சாலை. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ், வேன், ஷேர் ஆட்டோ எல்லாம் மாறி மாறி வந்து நிற்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிறவர்கள், அங்கிருந்து திரும்புகிறவர்கள் என யாரைப் பார்த்தாலும் காதில் இயர்போன். அந்த ப்ளேலிஸ்ட்களில் கடந்த சில ஆண்டுகளாக நிரந்தரமாகக் குடியிருக்கும் பாட்டு ஒன்று உண்டு. சினிமாவில் வராத பாட்டு. ஹீரோ கிடையாது, படத்தின் பேர் கிடையாது. ஆனாலும் ஊரே பாடியது.

‘எஞ்சாயி எஞ்சாமி’. வெளியானது 2021 மார்ச் 7-ம் தேதி.

பாட்டு எல்லோருக்கும் தெரியும். ஆனால் ‘இது யாரோட பாட்டு?’ என்று கேட்டால் பதில் ஆளுக்கு ஆள் மாறும். ‘தீ பாட்டு’ என்பார் ஒருவர். ‘அறிவு பாட்டு’ என்பார் இன்னொருவர். ‘சந்தோஷ் நாராயணன் மியூசிக்’ என்பார் மூன்றாமவர். மூன்று பேர் சொல்வதும் ஒரு வகையில் சரிதான். பிரச்சினை தொடங்கியதும் அங்கேதான்.

அரக்கோணத்திலிருந்து ஒரு குரல்

அறிவின் முழுப்பெயர் அறிவரசு கலைநேசன். சொந்த ஊர் அரக்கோணம். திருவள்ளூர் மாவட்ட எல்லையைத் தாண்டினால் வந்துவிடும் ரயில் நகரம். (கவரைப்பேட்டையில் ரயில் ஏறுகிறவர்கள் பேசின் பிரிட்ஜ் வரை வந்து வேறு தடத்தில் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.) பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள், அறிவொளி இயக்கத்தில் வேலை செய்தவர்கள். எழுத்தறிவு ஊட்ட ஊர் ஊராகப் போய்ப் பாட்டும் நாடகமும் போட்ட இயக்கம் அது. ஒரு கருத்தைப் பாட்டாகச் சொல்லும் பழக்கம் அறிவுக்கு வீட்டிலிருந்தே வந்தது என்று சொன்னால் மிகையில்லை.

கோவையில் இன்ஜினியரிங் படித்தார், கவிதை எழுதினார். அவரை மேடைக்குக் கொண்டுவந்தது ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய இசைக்குழு அது. பெயருக்குப் பின்னால் இருப்பது அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. கானா, பறை, ராக், ராப் எல்லாம் ஒரே மேடையில் ஒலித்தன. வடசென்னையில் சாவு வீடுகளிலும் தெருமுனைகளிலும் பாடப்பட்ட கானாவுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் துணை சேர்ந்தது.

அதே ஆண்டில் ‘காலா’ படத்துக்குப் பாட்டு எழுதினார் அறிவு. 2019-ல் இசைக்கலைஞர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ என்ற தனி ஆல்பம். ‘ஆன்டி இந்தியன்’, ‘கள்ள மௌனி’ எல்லாம் அதில் வந்தவை. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டங்கள் நடந்தபோது ‘சண்ட செய்வோம்’ வந்தது. ‘அரசியல் பேசும் ராப்பர்’ என்ற அடையாளம் அப்போதே நிலைத்துவிட்டது. பாராட்டு, திட்டு இரண்டும் அந்த அடையாளத்துக்குத்தான் கிடைத்தன. பிறகு ‘மாஸ்டர்’ படத்தில் ‘வாத்தி ரெய்டு’. விஜய் படத்தில் பாட்டு வந்தபின் அறிமுகம் தேவைப்படவில்லை.

வள்ளியம்மாள் என்ற பாட்டி

‘எஞ்சாயி எஞ்சாமி’க்குள் இருப்பது அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் கதை. இலங்கையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளியாக இருந்து ஊர் திரும்பியவர். காட்டை வெட்டி, செடி நட்டு, மலையையே தோட்டமாக்கிய கூட்டத்துக்குக் கடைசியில் ஒரு துண்டு நிலமும் மிஞ்சவில்லை என்பதுதான் பாட்டின் அடிநாதம். கேட்கும்போது ஆடத் தோன்றும் தாளம் மேலே, ஒப்பாரி அடியில்.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பிரிட்டிஷ் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து லட்சக்கணக்கானோர் இலங்கை மலையகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த நாடு அவர்களைக் குடிமக்களாக ஏற்கவில்லை. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும். மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. மூட்டை முடிச்சைப் பங்கு போடுவதுபோல மனிதர்களைப் பங்கு போட்ட கணக்கு அது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். இங்கே உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் 1983-க்குப் பிறகு போரால் வந்தவர்களுக்காக ஏற்பட்டது. வள்ளியம்மாளின் கதை அதற்கு முந்தைய, தேயிலையோடு தொடர்புடைய வேறொரு இடப்பெயர்வு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது சகஜம்.

இந்தக் கதையை அறிவு எழுதிப் பாட, அவரோடு சேர்ந்து பாடினார் ‘ரவுடி பேபி’ புகழ் தீ. இசை சந்தோஷ் நாராயணன். தீ அவருடைய மகள். வீடியோ இயக்கம் அமித் கிருஷ்ணன். வெளியிட்டது ‘மாஜா’ என்ற லேபிள். கனடாத் தமிழர்கள் தொடங்கிய, ஏ.ஆர்.ரஹ்மானின் ஆதரவோடு அறிமுகமான நிறுவனம். சினிமா சாராத தமிழ்க் கலைஞர்களுக்கு மேடை தருவதுதான் நோக்கம் என்றது. யூடியூபில் கலைஞர் பெயர் ‘தீ’ என்றும், உடன் பாடியவராக ‘அறிவு’ என்றும் வந்தது. பெரிய எழுத்தில் யார், சின்ன எழுத்தில் யார் என்பது அன்றைக்கு யாருக்கும் உறுத்தவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

முதல் உரசல்: அட்டைப்படம்

2021 ஆகஸ்ட். ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும், கனடாவில் வசிக்கும் ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றார்கள். பேசப்பட்டவை ‘எஞ்சாயி எஞ்சாமி’யும், ‘சார்பட்டா பரம்பரை’யின் ‘நீயே ஒளி’யும். இரண்டு பாட்டிலும் அறிவின் வரிகள் உண்டு. அட்டையில் அறிவு இல்லை.

இதைப் பொதுவெளியில் முதலில் உரக்கக் கேட்டவர் பா.இரஞ்சித். நிலமற்றவர்களின் கதையைச் சொன்னவரே அந்தக் கதையின் வெற்றிப் படத்தில் இல்லாமல் போவது எப்படி என்பதுதான் கேள்வியின் சாரம். சமூக ஊடகங்களில் விவாதம் கொதித்தது. டிஜே ஸ்னேக் செய்த ரீமிக்ஸின் விளம்பரங்களில் அறிவு இடம்பெறவில்லை என்ற புகாரும் சேர்ந்துகொண்டது. பத்திரிகை பிறகு அறிவை வைத்து ஒரு டிஜிட்டல் அட்டை வெளியிட்டது.

தீ மீது அப்போது வந்த தாக்குதலில் ஒரு பகுதி அநியாயமானது என்பதையும் சொல்ல வேண்டும். பத்திரிகை அட்டையைப் பாடகி தீர்மானிப்பதில்லை. ஆனால் யாரும் திட்டமிடாமலே ஒருவர் மட்டும் படத்திலிருந்து நழுவிப்போகிறார் என்றால், அது எப்போதும் ஏன் அவராகவே இருக்கிறார் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு டிஜிட்டல் அட்டை பதில் ஆகாது.

இரண்டாவது: செஸ் ஒலிம்பியாட் மேடை

2022 ஜூலை 28. சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் 44-வது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமர் மோடி, முதல்வர் ஸ்டாலின் முன்னிலையில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடப்பட்டது. பாடியவர்கள் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும். அறிவு அங்கே இல்லை.

அடுத்த சில நாட்களில் அறிவு இன்ஸ்டாகிராமில் நீண்ட பதிவு எழுதினார். பாட்டை இசையமைத்ததும் எழுதியதும் பாடியதும் தானே, தனக்கு யாரும் மெட்டோ சொல்லோ எடுத்துக் கொடுக்கவில்லை, பல மாதத் தூக்கமில்லாத உழைப்பு அது என்றார். குழுவாகச் சேர்ந்து செய்த வேலை என்பதில் சந்தேகமில்லை, ஆனால் அதற்காக இது தன் முன்னோரின் வாழ்க்கை இல்லை என்று ஆகிவிடாது என்பது அவர் வாதம்.

சந்தோஷ் நாராயணன் பதில் அறிக்கை வெளியிட்டார். மண்ணின் வேர்களைக் கொண்டாடும் ஒரு தனிப்பாடல் என்ற எண்ணம் தங்களிடையே உருவானது, தீயும் இயக்குநர் மணிகண்டனும் உள்பட பலரின் பங்கு அதில் உண்டு, இசையமைத்துத் தயாரித்தது தான், வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார். விழாவின்போது அறிவு அமெரிக்காவில் இருந்ததால் பங்கேற்க முடியவில்லை என்பதும் அவர் தந்த விளக்கம். அறிவுக்கு உரிய இடத்தைத் தான் எப்போதும் கொடுத்தே வந்திருப்பதாகத் தீயும் எழுதினார்.

அந்த ஸ்டுடியோ அறைக்குள் என்ன நடந்தது என்பது உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். வெளியே இருந்து தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் ‘இசையமைத்தது நான்’ என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில், ஒரே பாட்டைப் பற்றி, மனதார நம்பிச் சொல்ல முடிகிறது. அது எப்படி என்பதைப் புரிந்துகொள்ள முடியும்.

சரி, சட்டப்படி பாட்டு யாருக்குச் சொந்தம்?

நம் காதுக்குப் பாட்டு ஒன்றுதான். 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்துக்கு அது மூன்று தனித்தனிப் பொருள். வரிகள் ஒன்று: எழுதியவருடையது. இசை இன்னொன்று: மெட்டமைத்தவருடையது. ரெக்கார்டிங் மூன்றாவது: தயாரித்த நிறுவனத்துடையது. இதற்கு மேல் பாடகருக்கு ‘நிகழ்த்துநர் உரிமை’ என்று தனியாக ஒன்று.

சிக்கல் எங்கே வருகிறது? ‘இசைப் படைப்பு’ என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் சொற்கள் சேராது. அதாவது சொல்லைக் கழித்துவிட்டு மிச்சம் இருப்பதுதான் இசை. மெட்டுக்குப் பாட்டு எழுதும் நம் சினிமா முறைக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். இசையமைப்பாளர் ‘தன்ன னானா’ போட்டுக் கொடுப்பார், கவிஞர் அதில் சொல்லை நிரப்புவார். கோடு தெளிவாக இருக்கும்.

ராப் அப்படி இல்லை. ராப்பில் சொல்லை அடுக்கும் விதமே தாளம். எந்த அசையை நீட்டுகிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்பதே இசை. ஒப்பாரியும் அப்படித்தான்: அழுகையின் ஏற்ற இறக்கமே ராகம், சொல் வரும்போதே மெட்டும் கூட வந்துவிடும். எழுதியவர் ‘மெட்டும் என்னுடையது’ என்று உணர்வது இதனால்தான். மறுபக்கம், அந்தக் குரலைச் சுற்றி வாத்தியங்களை அடுக்கி, எது முன்னால், எது பின்னால் என்று தீர்மானித்து முழுப் பாட்டாக ஆக்கியவர் ‘இசை என்னுடையது’ என்பதும் இயல்பே. சட்டத்தின் கட்டம் இந்த இரண்டு வேலைக்கும் நடுவே ஓடுகிறது. அதில் யார் எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்தால்தான் உண்டு.

ஒப்பாரிக்கு இன்னொரு சங்கடம். வழிவழியாக வந்த பாட்டு முறைக்கு ஆசிரியர் பெயர் கிடையாது. காப்புரிமைச் சட்டத்தின் கண்ணுக்கு அது பொதுச்சொத்து. தேயிலைக் காட்டில் பாடிய பெண்களுக்கு எந்தக் கட்டத்திலும் இடமில்லை.

சிப்காட் பக்கம் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சின்னப் பட்டறைக்காரர்களுக்கு இது பழகிய கதைதான். பொருளைச் செய்தது ஒருவர், டிசைன் ஒருவருடையது, பெட்டியில் அச்சாகும் பெயர் வேறொருவருடையது. பில் யார் பேரில் போகிறதோ அவரிடம்தான் பணம் முதலில் வரும்.

மூன்றாவது திருப்பம்: பணம்

2024 மார்ச். பாட்டு வெளியாகி 3 ஆண்டுகள் ஆனபோது சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோ வெளியிட்டார். இந்தப் பாட்டின் மூலம் தனக்கும் மற்ற கலைஞர்களுக்கும் இதுவரை ஒரு பைசாகூட வரவில்லை என்றார். லேபிளைத் தொடர்புகொள்ளப் பலமுறை முயன்றதாகவும், இந்த அனுபவத்தால் சொந்தமாக ஸ்டுடியோ தொடங்குவதாகவும் சொன்னார். ரஹ்மானும் இதில் பாதிக்கப்பட்டவர்தான் என்று தனியாக விளக்கினார். மாஜா குற்றச்சாட்டை மறுத்து அறிக்கை வெளியிட்டது.

‘இவரா அவரா’ என்று 2 வருடம் இணையத்தில் கட்சி பிரிந்து சண்டை போட்டவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி. சந்தோஷ் சொல்வது சரியென்றால், பெரிய எழுத்தில் பெயர் வந்தவருக்கும் சின்ன எழுத்தில் வந்தவருக்கும் கணக்கு ஒன்றுதான்: பூஜ்யம். பெயர் பற்றிய சண்டையும் பணம் பற்றிய சண்டையும் வேறு வேறு. முதலாவது கலைஞர்களுக்குள் நடந்தது. இரண்டாவது கலைஞர்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையில். முதலாவதின் சத்தத்தில் இரண்டாவது கேட்காமல் போனது.

2012-ல் செய்த சட்டத் திருத்தம் இங்கே முக்கியம். அதன்படி, பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தாலும், ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. படத்தில் சேராத தனிப்பாடலுக்கும் இது பொருந்தும். ‘எல்லா உரிமையும் தந்துவிட்டேன்’ என்று கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்தப் பகுதி செல்லாது. வணிக ரீதியாகப் பயன்படுத்தும்போது பாடகருக்கும் ராயல்டி உண்டு. ஆனால் பங்கு கேட்பதற்கு முதலில் மொத்த வரவு எவ்வளவு என்று தெரிய வேண்டுமே! ஸ்ட்ரீமிங் கணக்கு லேபிளின் கையில் இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனம் என்றால் எந்த ஊர்ச் சட்டம், எந்த ஊர்க் கோர்ட் என்ற கேள்விகள் வேறு.

இது இங்கே மட்டுமா?

இல்லை. 2017-ல் எஸ்.பி.பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்தபோது, தன் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. அன்றைக்கு ஊர் இரண்டாகப் பிரிந்தது நினைவிருக்கலாம். குரல் யாருடையதோ அவருக்கே பாட்டு என்றது ரசிகர் மனம். மெட்டு யாருடையதோ அவருக்கே என்றது நோட்டீஸ்.

இந்தோனேசியாவிலும் ஏறக்குறைய இதே சண்டை. அங்கே ‘தேவா 19’ என்ற ராக் குழு மிகப் பிரபலம். அதன் பாடல்களை எழுதிய அகமது தானி, குழுவின் முன்னாள் பாடகர் ஓன்சே மெக்கெல் இனி அந்தப் பாடல்களைக் கச்சேரியில் பாடக்கூடாது என்று 2023-ல் வெளிப்படையாகத் தடை சொன்னார். பல பாடல்களை மக்கள் அறிந்ததே ஓன்சேயின் குரலில்தான். தானி சர்ச்சைக்குப் புதியவர் அல்லர். வெறுப்புப் பேச்சு வழக்கில் 2019-ல் சிறைக்குப் போனவர், பிறகு நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார்.

இந்த இரண்டு சம்பவங்களிலும் எழுதியவர் அல்லது மெட்டமைத்தவர் பலம் மிக்கவர், பாடியவர் தடுக்கப்பட்டார். அறிவின் விஷயத்தில் எழுதியவரே பாடினார், அவரில்லாமலே மேடை நடந்தது.

நீங்களே பாட்டு போடுகிறவர் என்றால்?

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, கவரைப்பேட்டை என எங்கே பார்த்தாலும் போனில் பீட் போட்டு, கானாவும் ராப்பும் பாடி அப்லோடு செய்யும் பசங்க இருக்கிறார்கள். ஷிஃப்ட் முடித்து வந்து ராத்திரியில் ரெக்கார்ட் செய்கிறவர்களும் அதில் உண்டு. ஒன்றாக உட்கார்ந்து பாட்டு செய்யும்போது ‘மச்சான், நமக்குள்ள என்னடா கணக்கு’ என்று தோன்றும். அப்போதே எழுதிவிடுவது நல்லது: வரி யார், மெட்டு யார், பீட் யார், யாருக்கு எத்தனை சதவீதம், கலைஞர் பெயர் எந்த வரிசையில் வரும். ஒரு பக்கத் தாள் போதும், எல்லோரும் கையெழுத்துப் போட்டால் சரி. வாட்ஸ்அப் மெசேஜாவது இருக்கட்டும். டெமோ வாய்ஸ் நோட்டை அழிக்காதீர்கள், தேதியோடு இருக்கும் ஆதாரம் அது.

பாட்டு எழுதுகிறவர்களும் இசையமைக்கிறவர்களும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற காப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராகலாம். 1969-ல் தொடங்கிய அமைப்பு, பாடல்கள் பயன்படும் இடங்களில் ராயல்டி வசூலித்துப் பிரித்துத் தருகிறது. பாடகர்களுக்குத் தனிச் சங்கம் உண்டு. லேபிள் ஒப்பந்தம் வந்தால், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவுக் கணக்கு காட்டுவார்கள், அதைச் சரிபார்க்க நமக்கு உரிமை உண்டா என்ற இரண்டு இடத்தை மட்டுமாவது தேடிப் படிக்க வேண்டும். அட்வான்ஸ் தொகையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம்.

பணத்துக்கு அப்பால், சட்டத்தின் 57-வது பிரிவு இன்னொன்றைச் சொல்கிறது. காப்புரிமையை விற்றுவிட்ட பிறகும், ‘இதைப் படைத்தது நான்’ என்று உரிமை கோரும் தகுதி படைப்பாளியிடமே இருக்கும். அதை எழுதி வாங்கிக்கொண்டு போக முடியாது.

அறிவு இப்போது ‘தி அம்பாசா’ என்ற தன் குழுவோடு மேடை ஏறுகிறார். 2024-ல் புதிய ஆல்பம் வந்தது. யார் பெயர் முன்னால், யார் பெயர் பின்னால் என்று 3 வருடம் நடந்த பஞ்சாயத்துக்குப் பிறகு, அதற்கு அவர் வைத்த பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’.